நாலாவது வரியும் ஆரத்தித் தட்டும்

"எனக்குத் தெரியாது" என்று நான் முதன்முதலாகச் சொன்னது என் அறுபத்தைந்தாவது வயதில். அன்றைக்கு மண்டபத்தில் நானூறு பேர் இருந்தார்கள். (அதற்கு முன்னாலும் பல விஷயம் தெரியாதுதான். சொன்னதில்லை.)

தென்காசியில் எங்களுக்கு வீடியோ கடை. கேமரா பிடிப்பது வீட்டுக்காரர். கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவது நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. மெனுவில் இருக்கும் ஆங்கிலத்தை நான் படிப்பதில்லை. எத்தனையாவது வரி, எந்த நிறப் பட்டன் என்று கை பழகிவிட்டது. அப்படியே இருபது வருஷம் ஓட்டியிருக்கிறேன். தலைக்கனம் வருமா, வராதா?

என் மகள் செல்வியின் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்கு அண்ணாச்சி. அவர் மனைவி கோமதி மைனி (அவரும் என்னை மைனி என்றுதான் கூப்பிடுவார்), மேடையில் அழகாக நிற்க வேண்டும் என்று மூன்று மாதம் தினமும் ரதவீதியைச் சுற்றி நடந்தார், சோற்றைப் பாதியாக்கினார். அவருக்கு என் பரிசு ஒரு வீடியோ. செல்வி கல்யாணத்தன்று மருமகளுக்கு ஆரத்தி எடுத்த பழைய மைனி ஒரு பக்கம். அதே தட்டோடு இன்றைய மைனியும் அண்ணாச்சியும் மறுபக்கம். பின்னால் குற்றால அருவி. நேரில் போய் எடுக்கலாமென்றால் வெள்ளம், பக்கத்தில் போகவே விடவில்லை. கடையிலேயே பச்சைத் துணி கட்டி இருவரையும் எடுத்து, அருவியைப் பின்னால் ஒட்டினேன்.

இங்கேதான் வினை. படம் என்பது பொடிப்பொடிப் புள்ளிகள். புதுக் கேமராவில் புள்ளி சதுரம். செல்வி கல்யாணத்தை எடுத்த பழைய டேப்பிலோ அது அகலப் புள்ளி. அதை கம்ப்யூட்டருக்கு நாம்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஆள் ஒடுங்கிப்போவார். சொல்வதற்கு மெனுவில் நாலாவது வரி. டேப்புக்கு அதைப் போட்டேன். அதற்கு அது சரியான வரிதான். அடுத்து புதுப் படத்தைப் பார்த்தால் மைனி முருங்கைக்காய் மாதிரி நின்றார். அதற்கும் நாலாவது வரியைப் போட்டேன். மைனி மைனியானார். டேப்பில் இருந்தவர் மட்டும் இன்னும் ஒல்லிதான். இளமையில் யார்தான் ஒல்லி இல்லை என்று விட்டுவிட்டேன்.

(அந்த வாரம் எங்கள் அகல மானிட்டர் ரிப்பேர். பரணிலிருந்து இறக்கிய பழைய மானிட்டர் எதையும் பக்கவாட்டில் நெருக்கித்தான் காட்டும். அது எனக்கு உறைக்கவே இல்லை.)

"எம்மா, ஒரு தடவை எங்க வீட்டு டிவில போட்டுப் பாத்துருவமா?" என்றாள் செல்வி.

"ஏட்டி, எனக்கா சொல்லித்தாரே? ஒங்க அத்தைய நான் பாத்ததில்லையா?"

மண்டபத்தில் சுவரை அடைத்துப் பெரிய திரை. பழைய மைனி தட்டோடு வந்தார், கூட்டம் கைதட்டியது. அடுத்து புதிய மைனி வந்தார். பூசணிக்காய்க்குப் பட்டுச்சேலை சுற்றியது மாதிரி. பக்கத்தில் அண்ணாச்சி, அவர் மீசை செங்கோட்டையில் தொடங்கிப் புளியங்குடியில் முடிந்தது. கைதட்டல் நின்றது. எங்கேயோ ஒரு சிரிப்பு.

மேடையில் மைனிக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் இப்படியா இருக்கேன்? அப்ப நடந்ததெல்லாம் வீணா?"

செல்வி என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் நாளைக்கும் வாழப்போகிறவள் அவள். அப்போதும் என் வாய் அடங்கவில்லை. திரை கட்டியவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏலே, திரைய இப்படி இழுத்து வச்சிருக்கியே!"

அவர் நிதானமாகச் சொன்னார்: "ஆச்சி, பழைய படத்துல தட்டு வட்டமா இருக்கு. புதுசுல அதே தட்டு நீளமா இருக்கு. நான் இழுத்திருந்தா ரெண்டும்லா நீளணும்?"

நானூறு பேரும் தட்டைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். மேடையேறினேன்.

"மைனி, நீங்க அப்படி இல்ல. நான்தான் எதையோ தப்பாப் போட்டுட்டேன். எப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியாது."

மைனி என் கையைப் பிடித்தார். "அப்ப நான் மெலிஞ்சது மெய்தானா?"

"சத்தியமா மெய்தான்."

"அம்மாடி!" என்று நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

முதல் பந்தி முடிவதற்குள் செல்வியோடு கடைக்கு ஓடினேன். புதுப் படத்தை முதல் வரிக்கு, சதுரப் புள்ளிக்கு, மாற்றினேன். இரண்டு தட்டும் ஒன்றுபோல ஆனது. செல்வி தன் போனில் போட்டுப் பார்த்து, "ரெண்டும் வட்டம்மா" என்ற பிறகுதான் எழுந்தேன். இரண்டாம் முறை வீடியோ ஓடியபோது மண்டபமே எழுந்து கைதட்டியது. அண்ணாச்சிக்கு மட்டும் குறை: "சம்பந்தி, மீசைய மட்டும் பழையபடி விட்டிருக்கலாம்."

அந்த ஆரத்தித் தட்டை மைனி எனக்கே கொடுத்துவிட்டார். கடையில் மானிட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. எந்தக் கல்யாணமானாலும் முதலில் அதைப் படம் பிடித்து, வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற வேலை.

மைனி நடையை விட்டு வருஷமாகிறது. வீட்டில் எடை பார்க்கும் மெஷினில் ஏறிய மறுநிமிஷம் எனக்கு போன் வரும்.

"மைனி, மறுபடியும் நாலாவது வரியப் போட்டுட்டீயளா?"