நாலு கதவும் ஒரு லோரியும்

இனிமேல் பிரஷ்ஷைக் கையால் தொடுவதில்லை என்று லியனார்ட் முடிவெடுத்த அதே காலையில்தான், சமையலறை அலமாரிக்கு அவர் கையால் சாயம் பூசியே ஆக வேண்டும் என்று பாக்கியம் முடிவெடுத்தாள். முப்பத்தைந்து வருட இல்லறத்தில் இருவரும் ஒரே நேரத்தில் முடிவெடுத்தால் எது நிற்கும் என்பது லியனார்ட்டுக்குத் தெரியும். இருந்தாலும் மனிதர் முயற்சி செய்து பார்த்தார்.

ஷா ஆலம் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு என்ற சொல்லை அப்படியே நம்பினார். பாக்கியம் நம்பவில்லை. கிறிஸ்மஸுக்குக் கிள்ளான் வீட்டுச் சமையலறையைப் புதுசாக்கித் தருவதாக மகள் ஷார்மைன் சொல்லியிருந்தாள். பழைய அலமாரியைத் தூக்கிவிட்டு, சுவரோடு ஒட்டிய வெள்ளை கெபினெட். லியனார்ட்டுக்கு அதில் பூரண சம்மதம். உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஆனால் மரம் கல்லு மாதிரி இருக்கிறது, நிறம்தான் போய்விட்டது, ஒரு பூச்சு போதும் என்று பாக்கியம் சொல்லிவிட்டாள்.

"கையால பூசினா வழவழன்னு வராது பாக்கியம். கோடு கோடா தெரியும். வெயில் வரட்டும், மழை நிக்கட்டும், கிறிஸ்மஸ் போகட்டும், அப்புறம் பார்ப்போம் லா."

"உங்க பேச்சுதான் வழவழன்னு இருக்கு. அதுல கொஞ்சம் எடுத்துக் கதவுல தேய்ங்க."

அதற்கு மேல் பேசிப் பயனில்லை. பசியாறிவிட்டு யோசித்தார். அலமாரிக்கு நாலு கதவு. ஒரு கதவைப் பலி கொடுத்தால் மிச்ச மூன்றும் தப்பிக்கும், தானும் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டார்.

தப்பாகச் செய்யவும் ஒரு பக்குவம் வேண்டும். அந்த அலமாரிக்கு முன்பு சாயம் பூசியவரே அவர்தான் என்பதால் எது சரி என்று நன்றாகத் தெரியும். அத்தனையையும் தலைகீழாகச் செய்தார். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவவில்லை. உப்புத்தாள் போடவில்லை. டின்னைக் கலக்கவில்லை. கதவை நிமிர்த்தி வைத்து, அன்றைக்கென்று அடித்த உச்சி வெயிலில், தோசை மாவு மாதிரி அப்பினார். சாயங்காலம் பார்த்தால் கதவு அழுதுகொண்டிருந்தது. மேலிருந்து கீழே கண்ணீர்க் கோடுகள். நடுவில் பிரஷ் முடி. ஓரத்தில், வழி தெரியாமல் வந்த ஓர் எறும்பு.

பாக்கியம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டு விழும் என்று அவர் தயாராக நின்றார். அவளோ அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கை நடுங்குதாங்க?" என்றாள் மெதுவாக. "பரவால்ல. வயசானா அப்படித்தான். உங்களப் போய்ச் செய்யச் சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும். லோரிக்குச் சொல்லிடறேன். சனிக்கிழமை காலையில வந்துடும்."

ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்த மாதிரி இல்லை. மறுநாள் பக்கத்து வீட்டுத் தம்புசாமி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, ரத்தத்தில் சர்க்கரை, அதாவது இனிப்பு நீர், எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்தார். கைக்குத் தடவ ஒரு தைலமும் நீட்டினார். கோப்பிக் கடையில் கடைக்காரர் குவளையைப் பாதிதான் நிரப்பி, ரெண்டு கையாலும் பிடிச்சுக்குங்க அங்கிள் என்றார். பெண்டாட்டியின் வாய்க்கு இத்தனை வேகம் உண்டென்று லியனார்ட்டுக்குத் தெரியும். இத்தனை அனுதாபம் உண்டென்றுதான் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் பாக்கியம் இன்னொன்று சொன்னாள். அந்தக் கதவை இந்தக் கோலத்தில் அனுப்பினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், புதுச் சாயத்தை மட்டும் தேய்த்து எடுத்துவிடுங்கள் என்றாள். "தேய்க்கத்தானே போறீங்க. நடுங்கினாலும் பரவால்ல."

கார் நிறுத்துமிடத்தில் இரண்டு ஸ்டூல் போட்டு, கதவைப் படுக்க வைத்து, உப்புத்தாளை எடுத்தார். கோபத்தில் கொஞ்சம் அழுத்தியே தேய்த்துவிட்டார். புதிதாகப் பூசிய வெள்ளை போனது. அடியில் சந்தன நிறம் வந்தது. அதுவும் போய் நீலம் எட்டிப் பார்த்தது. நீலத்துக்கும் கீழே, மூலையில், பச்சை.

அவருடைய கை நின்றுவிட்டது.

பச்சை, பிரிக்பீல்ட்ஸில் இருந்தபோது பூசியது. தண்டவாளத்துக்குப் பின்னால் வாடகை அறை. கல்யாணமான புதிதில் வாங்கிய முதல் சாமான் இந்த அலமாரி. ரயில் போகும்போதெல்லாம் தூசி பறந்து ஈரச் சாயத்தில் விழும். ரயில் சத்தம் கேட்டதும் பாக்கியம் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வருவாள். செய்தித்தாளைக் கதவுக்கு மேலே குடை மாதிரி விரித்துப் பிடிப்பாள். சாயத்தில் படாமல், ரயில் கடக்கும்வரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து நிற்பார்கள். தாளுக்கு அடியில் அவள் சிரிப்பது கேட்கும்.

நீலம், சுங்கை வே வீட்டில் பூசியது. கதவின் உள்பக்க ஓரத்தில் மூன்று சின்னக் குழிகள் இருந்தன. நடக்கப் பழகிய ஷார்மைன் ஈரச் சாயத்தில் விரல் பதித்த இடம். அன்றைக்கு அவர் கத்தியதில் குழந்தை அழுதது. அதற்குமேல் சந்தன நிறம் பூசியும் அந்தக் குழி மூடவே இல்லை. விரலை வைத்துப் பார்த்தார். அவர் சுண்டு விரல்கூடப் போகவில்லை.

இதையா லோரியில் ஏற்றுவது?

அந்த வாரம் முழுக்கப் பாக்கியத்துக்கு மாதா கோவிலில் என்னென்னவோ வேலை வந்தது. காலையில் போனால் மதியம்தான் வருவாள். துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு டின் சாயமும் மெல்லிய உப்புத்தாளும் நல்ல பிரஷ்ஷும் இருந்தன. எப்படி வந்தன என்று லியனார்ட் கேட்கவில்லை. கேட்டால், அலமாரியைக் காப்பாற்றத் தான் போட்டிருக்கும் திட்டம் தெரிந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

நாலு கதவையும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவினார். சொரசொரப்புப் போகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தார். தூசி எழாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்தார். சாயத்தைக் கொஞ்சம் இளக்கி, பிரஷ்ஷின் நுனியை மட்டும் தோய்த்து, மெல்லிசாகப் பூசினார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெறும் நுனியால், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே இழுப்பு. திரும்பப் போய்த் தொடக் கூடாது. அதுதான் கஷ்டம். காய்ந்ததும் லேசாக உப்புத்தாள், மறுபடி ஒரு பூச்சு. அந்த மூன்று குழிகள் இருந்த ஓரத்தை மட்டும் தேய்க்காமல் விட்டார்.

வெள்ளிக்கிழமை கதவுகளை மாட்டியபோது அவற்றின் பளபளப்பில் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலில் வாழை மரம் தெரிந்தது. பாக்கியம் வந்து கையால் தடவிப் பார்த்தாள். உள்பக்கம் திறந்து, அந்த ஓரத்தில் விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அன்றைக்கு அவர் தட்டில் மீன் துண்டு ஒன்று கூடுதலாக விழுந்தது.

லோரியை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பது படுத்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. தானாகக் கேட்டால் தோற்ற மாதிரி ஆகும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிட்டார். காலையில் வாசலில் ஹாரன் கேட்டது. கைலியோடு ஓடிப் போய்க் கேட்டை மறித்துக்கொண்டு நின்றார்.

"பாஸ், மன்னிச்சுக்குங்க. அலமாரியக் குடுக்கல. நாங்களே வச்சுக்கிறோம்."

லோரிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எடுக்க வரல அங்கிள். இறக்க வந்திருக்கேன்."

தார்ப்பாயை விலக்கினார். உள்ளே ஓர் அலமாரி நின்றது. அவருடையதைவிடப் பெரியது. அத்தனை கதவிலும் கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு.

பின்னாலிருந்து பாக்கியம் கேட்டை அகலமாகத் திறந்துவிட்டாள்.

"ஜெஞ்சாரோம்ல இருக்கிற என் தங்கச்சியோடது. சனிக்கிழமைக்குள்ள உங்க கை சரியாயிடும்னு அன்னிக்கே அவகிட்ட சொல்லிட்டேன்."