தலைகீழாக வந்த மச்சான்

சங்கரன்கோவிலில் மனுஷனுக்கு ஜாதகம் எழுத ஆயிரம் பேர் இருக்கலாம். ஸ்கிரீனுக்கு ஜாதகம் எழுதுகிற ஒரே ஆள் எங்கள் தெரு ஜாதகம் அண்ணாச்சிதான்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர். கழித்துப் போட்ட ஸ்கிரீன்களை வாங்கிவந்து சின்ன கம்ப்யூட்டர் போர்டுகளோடு இணைப்பார். அந்த ஸ்கிரீன்களுக்குத் தம்மைப் பற்றிச் சொல்லத் தெரியாது. அகலம், உயரம், வினாடிக்கு எத்தனை முறை படம் மாறும், எந்தப் பக்கம் மேலே என்றெல்லாம் நாம்தான் எழுதித் தரவேண்டும். அதைப் படித்துத்தான் டிரைவர் என்கிற மென்பொருள் படம் காட்டும். அண்ணாச்சி மொழியில் அந்த எழுத்து ஜாதகம், டிரைவர் மாப்பிள்ளை, ஸ்கிரீன் பொண்ணு. "பொருத்தம் இல்லேன்னா பொண்ணு மூஞ்சியே காட்டமாட்டா வே" என்பார்.

'இங்கு ஜாதகம் எழுதப்படும்' என்று கடை வாசலிலும் எழுதி வைத்ததுதான் வினை. மேலநீலிதநல்லூரிலிருந்து மகளுக்கு வரன் பார்க்கிற ஒரு அம்மா வந்துவிட்டார். அண்ணாச்சி தலை நிமிராமல், "அகலம் எவ்வளவு?" என்றார்.

"எம்மவ ஒண்ணும் அவ்வளவு அகலம் இல்லய்யா."

"நீங்க சொன்னா ஆச்சா? அளந்து பாக்கணும்லா. கொண்டாங்க."

அந்த அம்மா செருப்பைக் கழற்றினார் என்று தெருவில் ஒரு கட்சி. வீசியேவிட்டார் என்று இன்னொரு கட்சி.

இந்த மனிதரை நம்பித்தான் என் கல்யாணம் இருந்தது. எனக்கு நிச்சயித்த கோமதியின் அண்ணனுக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்க வைத்தவர் அவர். "அண்ணன் பாக்காம கழுத்த நீட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். மண்டபத்தில் பெரிய ஸ்கிரீனில் வீடியோ கால் மூலம் அவரைக் கொண்டுவருவது தன் பொறுப்பு என்றார் அண்ணாச்சி.

முகூர்த்தம் நெருங்கியது. மச்சான் வந்தார், தலைகீழாக. பட்டு வேட்டி சட்டையோடு வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டு, "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று விசாரித்தார். மண்டபமே கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது.

"என்ன அண்ணாச்சி இது?" என்றேன்.

"ஆம்னி பஸ் கூரையில தலைகீழாத் தொங்குன ஸ்கிரீன் தம்பி. அப்ப ஜாதகத்துல நூத்தியெண்பது டிகிரின்னு எழுதுனேன். மாத்த மறந்துட்டேன்."

"ஸ்கிரீனக் கவுத்துப் பிடிச்சா முடிஞ்சு போச்சு" என்றார் என் சித்தப்பா.

"எழுத்து தப்புன்னா எழுத்தத் திருத்தணும். ஆளக் கவுக்கப்படாது."

கீபோர்டைத் தட்டினார். பதற்றத்தில் அகலத்தையும் உயரத்தையும் மாற்றி எழுதி ரீஸ்டார்ட் செய்தார். மச்சான் அடியோடு காணாமல் போனார். ஐயர் நேரமாகிறது என்று சைகை காட்டினார். கோமதி அழ ஆரம்பித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மாலையைக் கழற்றி அண்ணாச்சி கழுத்தில் போட்டுவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது.

அவள் அழுவதை அவரும் பார்த்தார். அதற்குமேல் வாதாடவில்லை. பழைய ஜாதகத்தையே திரும்பப் போட்டார், ஸ்கிரீனைக் கழற்றிக் கவிழ்த்தார். கவிழ்த்ததில் மாட்டுகிற கொக்கி கீழ்ப்பக்கம் போய்விட்டது, திரும்ப மாட்ட வழியில்லை. ஆகவே மேடைக்கு எதிரே ஸ்டூலில் ஏறி, ஸ்கிரீனைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கட்டு வே, கை கடுக்குதுல்லா" என்று ஸ்கிரீனுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

மச்சான் நேராக நின்று பார்க்க, நான் தாலி கட்டினேன். அன்று எங்கள் கல்யாணத்தைக் குவைத்தில் இருந்தவர்கூடப் பார்த்தார். அந்த ஸ்கிரீனுக்குப் பின்னால் நின்றவர் பார்க்கவில்லை.

ஆல்பத்தில் எங்குமே அண்ணாச்சியின் முகம் இல்லை. ஒரே ஒரு படத்தில், மச்சானின் இரண்டு பக்கமும் அவர் விரல்கள் மட்டும் விழுந்திருக்கின்றன. கோமதி அதைத்தான் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறாள். யாராவது கேட்டால், "எங்க அண்ணன்மாரு ரெண்டு பேரும்" என்பாள்.