பூஜ்ஜியம் மில்லிகிராம்

உலகத்திலேயே சுத்தமான காற்று எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் மலைகளையும் காடுகளையும் தேடி அலைய வேண்டாம். அது எங்கள் காற்றுத்தரக் கண்காணிப்பு அலுவலகத்தின் கோப்பில் இருக்கிறது. பதினோரு வருடமாக அதைப் பராமரிக்கும் பாக்கியம் பெற்றவன் நான்.

முறை எளிது. மொட்டைமாடி இயந்திரம் ஒரு நாள் முழுக்கக் காற்றை இழுக்கும். தூசி வெள்ளை வடிதாளில் படியும். அதை நான் எடுத்துவந்து எடை போடுவேன். தராசு விலை உயர்ந்தது. ஆகவே, 'தூசியுள்ள எந்தப் பொருளையும் தராசில் வைக்கக் கூடாது' என்று இயக்குநர் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். சட்டத்தை மதிப்பவனாதலால், வடிதாளிலுள்ள தூசியைத் தூரிகையால் பக்கத்திலிருக்கும் ஒரு தட்டில் தள்ளி, நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் வைப்பேன். தூசி: பூஜ்ஜியம்.

போன வாரம் இரண்டு நாள் புழுதிப் புயல் அடித்தது. எதிர்வீடு தெரியவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு மூச்சு இழுத்தது. புயலுக்காக மூடிய பள்ளியை மறுபடி திறக்கலாமா என்பதை எங்கள் அறிக்கைதான் தீர்மானிக்க வேண்டும். வழக்கம்போல் துடைத்தேன். பூஜ்ஜியம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. நாங்கள் ஒரு புயலையே தட்டில் மறைத்தோம்.

புதிதாகச் சேர்ந்த வேதியியல்காரம்மாவுக்கு இந்தப் பெருமை விளங்கவில்லை. நான் துடைத்துத் தள்ளியதைத் தட்டிலிருந்து அள்ளிப்போய்ச் சோதித்துவிட்டார். மணல், சிமெண்ட், கந்தகம் எல்லாம் இருந்தன. கூடவே அளவுக்கு மீறி ஈயம். பள்ளிக்குப் பின்னால் பழைய பேட்டரிகளை உருக்கும் பட்டறையிலிருந்து வந்தது என்றார்.

அவசரக் கூட்டம் கூடியது. காற்றில் ஈ பறக்கலாம், ஈயம் பறக்குமா என்று இயக்குநர் கேட்டார். எல்லோரும் 'ஒருமனதாக'ச் சிரித்தோம்.

"தட்டுல விழுந்தது குப்பை. குப்பை நம்ம துறை இல்லம்மா."

"சார், அந்தக் குப்பையைத்தான் ஊரே மூச்சா இழுக்குது."

"இழுத்துட்டாங்கன்னா அப்புறம் அது காத்துல இல்லையேம்மா. உடம்புக்குள்ள போனா சுகாதாரத் துறை."

இவ்வளவு தெளிவான நிர்வாகத்தை நான் எங்கும் கண்டதில்லை. அறிக்கை கையெழுத்துக்காக என் முன்னால் வந்தது. வேதியியல்காரம்மா என் பக்கம் குனிந்தார்.

"உங்க பொண்ணு அந்தப் பள்ளிக்கூடத்துலதானே படிக்கிறா? போடாதீங்க சார்."

எனக்குப் பயமாக இருந்தது. மகளை நினைத்துப் பயம், இயக்குநரை நினைத்தும் பயம். இயக்குநர்தான் எதிரில் உட்கார்ந்திருந்தார். போட்டேன்.

மறுநாளே பள்ளி திறந்தது. மதியத்துக்குள் மகளை மருத்துவமனையில் சேர்த்தோம். மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். என் மனைவி அவள் பையிலிருந்து பள்ளிச் சுற்றறிக்கையை எடுத்தாள். கூடவே எங்கள் அறிக்கையின் நகல். இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"காத்து சுத்தமா இருக்காம். எந்தப் பாவி இதுல கையெழுத்துப் போட்டிருக்கான்னு பாருங்க."

கண்ணில் தூசி விழுந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்றேன். பதினோரு வருடத்தில் இந்த ஊரில் தூசி இருப்பதை நான் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.