டிரிப்பருக்குப் போட்ட தங்கூசி முடிச்சு

யார் சொன்னாலும் கேட்காத ஆள் ஒரு வீட்டுக்கு ஒன்று போதும். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் நாற்பது வருஷமாக நான் இருக்கிறேன். என் மகன் புது வீடு கட்டி, சுவரில் டிரிப்பர் என்று ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினான். முதல் நாளே எனக்கும் அதற்கும் ஆகவில்லை.

கரண்ட் எங்கேயாவது கசிந்தால் அது தானாக விழுந்து உயிரைக் காப்பாற்றுமாம். சொன்னவன் தருமபுரத்து எலக்ட்ரீஷியன் ரவி. (பேண்ட்டில் ஏழு பாக்கெட். டெஸ்டர் எதில் இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது.) பின்கட்டில் இருக்கும் என் மீன் ப்ரீஸருக்கென்று தனியாக ஒன்றை மாட்டிவிட்டுப் போனான்.

அது யார் உயிரைக் காப்பாற்றியதோ, என் உயிரை எடுத்தது. காபி குடிக்கும்போது விழும். தூக்கிவிட்டுத் திரும்பினால் மறுபடி விழும். சாராயக்கடையிலிருந்து வீட்டுக்கு வருகிறவன்கூட வழியில் இத்தனை தடவை விழமாட்டான். சனி பிடித்திருக்கிறதோ என்று திருநள்ளாறு போய் எள் விளக்கும் போட்டுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் விழுந்து கிடக்கிறது.

ரவியைக் கூப்பிட்டேன். அவன் நின்ற அரை மணி நேரமும் அது நல்ல பிள்ளையாக நின்றது.

"எங்கயோ ஈரம் எறங்குது ஆயா. ப்ரீஸர நகர்த்திட்டுப் பின்னாடி பாக்கணும்."

"உள்ள அத்தன மீனு கெடக்கு. நீ நகர்த்துவியா, ஒங்கப்பன் வருவானா? மட்டமான சாமானக் கொண்டாந்து மாட்டிட்டு என் ப்ரீஸரக் கொற சொல்ல வந்துட்டான்!"

அவன் டெஸ்டரை ஏதோ ஒரு பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்றால், அது மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து என் பேத்தி செல்வியைப் பேசி முடிக்க நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். எங்கள் பக்கம், சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். சாப்பிடாமல் எழுந்து போனால் அதோடு சரி. செல்விக்கோ அந்தப் பையன்மேல் ஆசை. (அவள் வாய் திறந்து சொல்லவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சிரிக்கிற பெண்ணுக்கு வேறு என்ன வியாதி?)

பையனின் அம்மா மீன் வியாபாரி. போனில் என்னிடம், "இந்த மாசத்துல மீனுக்கு எங்கங்க போவீங்க? சாம்பார் வச்சீங்கன்னாகூடப் போதும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

"வந்து பாருங்க சம்பந்தி! ஒங்க ஊரு கடல் பாக்காத வஞ்சிரம் எங்க வீட்டுல இருக்கு" என்றேன். (இன்னும் சம்பந்தி ஆகவில்லை. நானாக ஆக்கிக்கொண்டேன்.) தடைக்கு முன்பே வாங்கி ப்ரீஸர் நிறையப் போட்டு வைத்த மீன். அந்தத் தைரியம்.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் டிரிப்பர் ஐந்து தடவை விழுந்தது. தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நரம்பை எடுத்தேன். சுவிட்சை மேலே தூக்கி, நாலு சுற்றுச் சுற்றி, காலண்டர் ஆணியோடு சேர்த்து இழுத்துக் கட்டினேன். சுறா இழுத்தாலும் அவிழாத முடிச்சு.

"அப்பாயி, அதெல்லாம் கட்டலாமா? அப்பாவ ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்றாள் செல்வி.

"ஒங்கப்பன் கீழவாஞ்சூரு போர்ட்டுல கிரேன் ஓட்டட்டும். வீட்ட நான் ஓட்டிக்கிறேன்."

அதற்குப் பிறகு அது விழவே இல்லை. வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் சுவிட்ச் மேலேயே நின்றது. போகும்போதும் வரும்போதும், "எங்க, இப்ப விழு பாப்பம்" என்று வம்புக்கு இழுத்தேன். முன்பெல்லாம் கடகடவென்று உறுமிக்கொண்டிருந்த ப்ரீஸரும் வாயை மூடிக்கொண்டது.

"பாத்தியா மல்லிகா, கரண்டு ஒழுங்கா வந்ததும் எவ்வளவு அமைதியா ஓடுது!"

"ஆமாங்கத்த" என்றாள் என் மருமகள். (அவள் எதற்கும் ஆமாம் போடுகிறவள் இல்லை. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.) குளிர் போய்விடும் என்று மூடியைத் திறக்கவும் நான் யாரையும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நல்ல புத்தி இருந்தால் மீனை நானே எடுத்திருப்பேன். எனக்கு ஜம்பம் காட்ட வேண்டும். பையனின் அம்மாவைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், "ஒங்களுக்குப் புடிச்சத நீங்களே எடுங்க" என்று மூடியைத் தூக்கினேன்.

எடுக்க வேண்டிய வேலையே இல்லை. வஞ்சிரம் வாசனையாக எழுந்து வாசல்வரை போய் எல்லாரையும் வரவேற்றது. வந்தவள் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

"எங்க ஊரு கடல் பாக்காத மீனுதாங்க. ஒத்துக்கிறேன்."

"கரண்டு... சுவிட்சு மேலதாங்க நிக்கிது..." என்றேன்.

சத்தம் கேட்டுப் பையன் ஓடிவந்தான். பெட்டியைப் பார்த்தான். முடிச்சைப் பார்த்தான். "இத யாரு கட்டுனது?" என்றான். வீட்டில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். (காட்டிக் கொடுப்பதில் மட்டும் எங்கள் குடும்பத்துக்கு ஒற்றுமை அதிகம்.)

"கட்டுனாலும் உள்ளுக்குள்ள விழுந்துரும் ஆயா. வெளிய மட்டும் மேல நிக்கும்."

அப்படியென்றால் அது புதன்கிழமையே விழுந்திருக்கிறது. மூன்று நாளாக நான் ஒரு பிணத்தோடு சண்டை போட்டிருக்கிறேன்.

அவன் ப்ரீஸரை நகர்த்தினான். பின்னால் இருந்த பிளக் போர்டு சொதசொதவென்று நனைந்திருந்தது. மேலே பார்த்தான். எல்லாரும் மேலே பார்த்தோம். பலகைமேல் ஒரு கூடை. காக்கைக்குப் பயந்து, பாதி காய்ந்தபோதே நான் உள்ளே தூக்கி வைத்த வாளைக் கருவாடு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் போர்டில் விழுந்தது.

"அது விழலன்னா, ஈரக்கையோட நிக்கிற நீங்க விழுந்திருப்பீங்க" என்றான்.

வாசலில் அவர்கள் வீட்டு ஆண்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

பையனின் அம்மா எட்டி அந்தக் கூடையை இறக்கினாள். ஒரு கருவாட்டை எடுத்துக் கிள்ளிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள்.

"உப்பு பதமா இருக்கே. யாரு போட்டது?"

"நான்தாங்க."

"இதையே கொழம்பு வைங்க. தெனம் வஞ்சிரத்து மூஞ்சியத்தான் பாக்குறேன்."

அவள்தான் முதலில் உட்கார்ந்து கை நனைத்தாள். இரண்டாம் தடவை சோறு வாங்கினாள். செல்வி குழம்புச் சட்டியோடு அவள் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. கை கழுவப் போகும்போது பையனின் அம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"பொண்ணு எங்களுக்கு. அப்பாயி ஒங்களுக்கே இருக்கட்டும்."

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ரவி இப்போது யார் வீட்டில் டிரிப்பர் மாட்டினாலும் என் கதையைச் சொல்லிவிட்டுத்தான் ஆணி அடிக்கிறானாம். விருந்தாளி வந்தால் மற்றவர்கள் பீரோவைப் பூட்டுவார்கள். நான் செல்வியைப் பார்க்கப் போனால் என் சம்பந்தி முதலில் மெயின் பெட்டியைப் பூட்டுகிறாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான், "வாங்க, பையில தங்கூசி இல்லல்ல?" என்கிறாள். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

(பூட்டு மட்டமான சாமான். ஒரு கொண்டை ஊசி போதும். நான் வாயைத் திறக்கவில்லை.)