எஞ்சினை நிப்பாட்டிய மாப்பிள்ளை

குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். என் குடம் தனியாக ஆடியிருந்தாலாவது பரவாயில்லை. பெண் வீட்டாரையும் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஆடியது.

அப்போது நான் ஓர் உல்லாசப் பயணக் கப்பலில் வேலை செய்துகொண்டிருந்தேன். (வேலை என்றால் சாப்பாட்டு மேசைக்குக் கைதுடைக்கும் துணி மடிப்பது. ஊரில் அம்மா சொல்லி வைத்திருந்தது வேறு.) கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் பயணிகளைக் கரைக்கு இறக்கி, பஸ்ஸில் ஏற்றி, ஒரு தோட்டத்தையும் ஒரு போர் நினைவுத்தூணையும் காட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு முன் திருப்பிக் கொண்டுவருவார்கள். தண்ணீர்ப் போத்தல் தூக்க நானும் ஒருமுறை போனேன். தலைக்கனம் ஏற அந்த ஒருமுறையே காணும்.

தொண்ணூறுகளின் கடைசியில், விடுமுறையில் பெண் பார்க்க வன்னியிலுள்ள ஸ்கந்தபுரத்துக்கு வந்தேன். சண்டையால் இடம்பெயர்ந்து அங்கே இருந்த அம்மா, செல்வராணி என்ற பெண்ணைப் பேசி வைத்திருந்தார். வன்னிக்குள் வர இராணுவம் எனக்குத் தந்த பாஸ் மூன்று நாளைக்குத்தான். மூன்றாம் நாள் இரண்டு மணிக்குச் சந்தியிலிருந்து சோதனைச்சாவடிக்குப் புறப்படும் லொறியைத் தவறவிட்டால் பாஸ் முடிந்துவிடும், கப்பல் போய்விடும், வேலையும் அதை நம்பிப் பேசிய கல்யாணமும் கூடவே போய்விடும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் மூன்றாம் நாள் காலையில் ஒரு சுற்றுலா ஒழுங்கு செய்தேன். இரண்டு நாளாகியும் செல்வராணி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் உலகம் பார்த்தவன் என்று தெரிந்தால் மனம் இளகும் என்று நினைத்தேன்.

வாடகைக்கு ஓடும் கந்தையா அண்ணையின் பழைய காரைப் பிடித்து, செல்வராணியையும் அவளுடைய அப்பாவையும் என் அம்மாவையும் ஏற்றினேன். அந்த நாட்களில் பொருளாதாரத் தடையால் வன்னியில் பெற்றோல் கண்ணில் காட்டாத சாமான், கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் மண்ணெண்ணெயில் எஞ்சின் எழும்பாது. சின்னப் போத்தலிலிருந்து கொஞ்சம் பெற்றோல் பீச்சி எழுப்பிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அன்று அண்ணையிடம் இருந்தது ஒருதரம் எழுப்பும் அளவு. வீடு திரும்பும்வரை எஞ்சின் நிற்கவே கூடாது என்று ஏறும்போதே சொல்லிவிட்டார். நான் கப்பல் கப்டன் மாதிரித் தலையாட்டினேன்.

முதலில் தோட்டம். இரணைமடுக் குளத்துக்குப் போகும் வழியில் மிளகாயும் வாழையும் நின்றன. செல்வராணியின் அப்பா (இப்போது என் மாமா) முப்பது வருடமாகத் தோட்டம் செய்கிறவர். அவரை வரம்பில் நிறுத்தி, இது வாழை என்று விளக்கினேன். (சத்தியமாக.) அவர் இலையைத் திருப்பிப் பார்த்து, தண்ணீர் காணாது என்று என் அம்மாவிடம் சொன்னார். கார் புகைத்துக்கொண்டு நின்றது. செல்வராணி கைமணிக்கூட்டைப் பார்த்தாள்.

அடுத்தது நினைவுத்தூண். ஷெல்லடியில் செத்த சனத்துக்காக ரோட்டுக்கரையில் கட்டியது, பெயர்கள் எழுதியிருந்தன. பத்து நிமிடம்தான் என்று அறிவித்துவிட்டுக் கையை உயர்த்தி விளக்கம் சொல்லத் தொடங்கினேன். மாமா என்னைத் தாண்டிப் போய் நாலாவது பெயரில் கை வைத்தார். அவருடைய மூத்த மகன் என்று அம்மா என் காதுக்குள் சொன்னார்.

நான் வேடிக்கை காட்டக் கூட்டிவந்த இடத்தில் அந்த மனிதர் தன் பிள்ளையின் பெயரைத் தடவிக்கொண்டு நின்றார். பின்னால் கார் தடதடவென்று இரைந்தது. அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணை, எஞ்சினை நிப்பாட்டுங்கோ."

"நிப்பாட்டினா திரும்ப எடுக்காது, தம்பி."

"பரவாயில்லை, நிப்பாட்டுங்கோ."

நிப்பாட்டினார். ஒரு சத்தமும் இல்லை. மாமா வேண்டிய நேரம் நின்றார். செல்வராணி முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

அவர் கையை எடுத்தபோது மணி ஒன்று பத்து. கந்தையா அண்ணை போத்தலைத் தலைகீழாகத் தட்டினார். ஒரு சொட்டு வந்தது, அதுவும் அவருடைய பெருவிரலில் விழுந்தது. தள்ளினோம். அம்மா தள்ளினார், மாமா தள்ளினார், நான் வெள்ளைச் சப்பாத்தோடு தள்ளினேன். கார் ஒருதரம் இருமியது. அந்தப் புளுகத்தில், சந்தோஷம் தாங்காமல், பாய்ந்து தள்ளப் போய்க் குப்புற விழுந்து கணுக்காலை மடக்கிக்கொண்டேன். காரும் எழும்பவில்லை, காலையும் ஊன்ற முடியவில்லை. மணி ஒன்றரை, சந்திக்கு நாலு மைல். எனக்கு அழுகை வந்துவிட்டது.

செல்வராணி பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"கரியரில ஏறுங்கோ."

ஊர் என்ன கதைக்கும் என்று அம்மா தொடங்கினார். மாமா என்னைத் தூக்கிக் கரியரில் இருத்திவிட்டார்.

ஊர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. அவள் மூச்சிரைக்க மிதித்தாள். நான் வீங்கிய காலிலிருந்து கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மாட்டுச்சந்தைக்குப் போகும் கன்றுக்குட்டி மாதிரிப் பின்னால் இருந்தேன். அண்ணனைப் பற்றித் தெரியாது, மன்னியுங்கள் என்றேன். அவள் மிதித்தபடியே, திரும்பாமல் சொன்னாள்.

"லொறி போனாலும் பரவாயில்லை எண்டுதானே நிப்பாட்டச் சொன்னனீங்கள். அது காணும்."

உண்மையில் அந்த நேரம் லொறி என் நினைவிலேயே இல்லை. அதை அவளிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. புறப்பட்டு உருளத் தொடங்கிய லொறியில் நாலு பேர் என்னை இழுத்துப் போட்டார்கள். அடுத்த விடுமுறையில் கல்யாணம் நடந்தது.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் என் பெயர் கரியர் மாப்பிள்ளைதான். எந்த வீட்டுக் கல்யாணத்திலும் பந்தி முடிந்ததும் இந்தக் கதையை எடுப்பார்கள். என் மனைவி சொல்லும்போது, அவளுடைய அண்ணனுக்காக வேலையையே தியாகம் செய்யத் துணிந்தவன் நான். நானும் அடக்கமாகத் தலை குனிந்துகொள்வேன். உண்மையை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, ஆனாலும் மாமா மட்டும் ஒவ்வொரு முறையும் குறுக்கே விழுவார்.

"தியாகமும் இல்லை, ஒண்டும் இல்லை. தம்பி லொறியை மறந்துபோனவர். அதுக்குத்தான் பிள்ளையைக் குடுத்தனான்."

எல்லாரும் சிரிப்பார்கள். மாமா சிரிப்பதில்லை.