எட்டு வாயும் ஒரு பொத்தானும்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எட்டுப் பேர் தொண்டை கிழியக் கத்தியதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, ‘ஒருவருக்கும் மறுப்பில்லை’ என்று எழுதி அனுப்பியவன் நான்தான். இந்தக் கதையை உங்கள் அம்மா சொன்னால் பதினைந்து பேர் கத்தியதாகச் சொல்வாள். அதனால், பிள்ளைகளே, நானே எழுதிவிடுகிறேன்.

நம் கடற்கரையில் அரசாங்கம் மீன் ஏலக்கூடம் கட்டப்போவதாகப் பேச்சு வந்த சமயம் அது. கட்டுவதில் யாருக்கும் வருத்தமில்லை; எங்கே கட்டுவது என்பதுதான் வில்லங்கம். தெற்கே சிலுவை நிற்கும் குருசடிக்குப் பக்கத்தில் கட்டினால் பஸ் நிறுத்தம் நாலு எட்டில் இருக்கிறது. வடக்கே ஐஸ் பிளாண்டைத் தாண்டிக் கட்டினால், ஏலம் எடுத்த மீனைத் தலையில் வைத்துக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய நடந்து வரவேண்டும். என் அக்கா, அதாவது உங்கள் மரியபுஷ்பம் அத்தை, அன்றும் இன்றும் ஓட்டப்பிடாரம் பஸ்ஸில்தான் மீன் கொண்டுபோகிறாள். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது வருவதற்குள் ஐஸ் கரைந்து மீன் குழைந்துவிடும். அன்றைய பிழைப்பு அவ்வளவுதான். வரைபடம் போட்ட புண்ணியவானோ வடக்கில் கட்டம் கட்டி வைத்திருந்தார். அங்கேதான் இடம் காலியாக இருக்கிறதாம். (ஆள் போகாத இடம் காலியாகத்தானே இருக்கும்.)

ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்ட பிறகுதான் கட்டவேண்டும் என்று விதி. கேட்டுக் கொடுக்கும் வேலை சென்னையில் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தது. அங்கிருந்து நிவேதா மேடம் என்பவர் எனக்குப் போன் செய்தார். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், ரீசார்ஜ் செய்கிறான், ஆகவே தொழில்நுட்பம் தெரிந்தவன் என்று யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

“ஆன்லைன்ல ஒரு ஃபோகஸ் குரூப் நடத்தணும் சார். எட்டுப் பேர் போதும். நீங்க கேக்கணும், அவங்க பேசணும். நீங்கதான் ஒருங்கிணைப்பாளர்.”

பத்தாம் வகுப்போடு நின்றவனை ஒருவர் ஒருங்கிணைப்பாளர் என்றால் அவனுக்கு என்ன ஆகும்? எனக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. எட்டுப் பேரும் என் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவர்கள், வாசலில் நின்று கைதட்டினால் வந்துவிடுவார்கள் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. ஆன்லைன் என்றால் ஆன்லைன்.

அழைக்கப் போன இடத்திலேயே முதல் கோளாறு. நம் ஊரில் ஃபோகஸ் என்றால் கோயில் திருவிழாவுக்குக் கொடிமரத்தில் கட்டுகிற பெரிய விளக்கு. வேறு பொருள் கிடையாது.

“ஃபோகஸ் குரூப்பா?” என்றார் விசைப்படகு வைத்திருக்கும் சூசை அண்ணாச்சி. “எத்தன ஃபோகஸ் தாரான்? எங்க தெரு முக்குக்கு ஒண்ணு எழுதிக்கோ தம்பி.”

விளக்கிச் சொன்னால் கூட்டத்துக்கு வரமாட்டாரோ என்று பயம். “எல்லாம் பேசுவோம் அண்ணாச்சி” என்று சொல்லி வைத்தேன். இப்படியே ஏழு பேர் விளக்கு வாங்கவும், என் அக்கா மட்டும் ஏலக்கூடத்தைப் பற்றிப் பேசவும் சேர்ந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணி. ஜெராக்ஸ் மெஷினில் தூசி படியாமல் இருக்க நான் போட்ட கண்ணாடிக் கதவுக்குள், லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். சூசை அண்ணாச்சி வழக்கம்போல போனைக் காதில் வைத்திருந்ததால், அவர் கட்டத்தில் ஒரு காது மட்டும் தெரிந்தது. ஒரு வீட்டில் குக்கர், ஒரு வீட்டில் சேவல், கரையில் நின்றவர் போனில் காற்று. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். “ஃபோகஸ் நம்ம முக்குக்குத்தான்” என்ற ஒன்றுதான் எனக்கு விளங்கியது.

மேடம் அனுப்பிய தாளில், இரைச்சல் வந்தால் எல்லோருடைய மைக்கையும் மூடலாம் என்று போட்டிருந்தது. மூடினேன். அடியில் ‘பங்கேற்பாளர்கள் தாங்களே மைக்கைத் திறக்கலாம்’ என்று ஒரு சின்னக் கட்டம். அதிலிருந்த டிக்கையும் எடுத்துவிட்டேன். (தாளின் அடுத்த வரி ‘பிறகு ஒவ்வொருவராகத் திறந்துவிடவும்’ என்பது. அது தாளின் மறுபக்கத்தில் இருந்தது.)

அடடா, என்ன அமைதி. நம் ஊரில் அப்படி ஒரு மரியாதையான கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. வரைபடத்தைக் காட்டி, வடக்கு ஓரத்தின் அருமை பெருமைகளைத் தாளில் உள்ளபடி வாசித்தேன். அக்காவின் உதடு வேகவேகமாக அசைந்தது. செபமாலை சொல்கிறாள் என்று நினைத்தேன். திரையில் ஒவ்வொன்றாக மஞ்சள் கை முளைத்தது. “வணக்கம், வணக்கம்” என்றேன். எட்டுக் கையும் வந்துவிட்டது. எட்டுப் பேருக்கும் தனித்தனியாக வணக்கம் சொன்னேன்.

உங்கள் அம்மா ஜெபா பின்னால் வந்து நின்றாள். “ஏங்க, வெளிய மரியபுஷ்பம் மதினி சத்தம் மாதிரி கேக்கு. யாரையோ ஏசுதாவ.”

“மதினி இங்கனல்லா இருக்கா” என்று திரையைக் காட்டினேன். “எவ்வளவு அடக்கமா இருக்கா பாரு. அது யாரோ தெருச் சண்ட. கதவ நல்லா சாத்து.”

காதுக்கு எட்டிய அக்காவைவிடத் திரையில் தெரிந்த அக்காவை நம்பினேன். அன்று நான் செய்த ஒரே தொழில்நுட்ப வேலை அதுதான்.

நம் ஊர்க்கூட்டத்தில் எந்த முடிவு என்றாலும் கடைசியில் ‘மறுப்பு உண்டா?’ என்று மூன்று முறை கேட்பார்கள். யாரும் பேசாவிட்டால் ஊருக்குச் சம்மதம். பேசாமல் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் புலம்புகிறவனை யாரும் மதிப்பதில்லை. அந்த முறைப்படி நானும் கேட்டேன். முதல் தடவை கேட்டபோது அண்ணாச்சியின் காது போய் வாய் வந்தது. இரண்டாம் தடவை அக்கா போனைப் பிடித்து உலுக்கினாள். அவள் வீட்டுச் சுவரும் கூரையும் சுற்றின. மூன்றாம் தடவை ஒரு சத்தமும் இல்லை.

‘வடக்கு ஓரம். ஒருமனதாக. ஒருவருக்கும் மறுப்பில்லை’ என்று தட்டச்சு செய்து மேடத்துக்கு அனுப்பிவிட்டு, டீ சொன்னேன்.

டீக்கு முன்னால் அக்கா வந்துவிட்டாள். பின்னால் மற்ற ஏழு பேர். மீன் சுமக்கும் அலுமினிய அன்னக்கூடையைக் கடை மேஜைமேல் நங்கென்று வைத்தாள்.

“ஏலே லூர்து, கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு? கத்துதேன், கையத் தூக்குதேன், நீ வணக்கம் சொல்லுத.”

“எக்கா, மறுப்பு உண்டான்னு மூணு தடவ கேட்டேம்லா.”

“வாய அடச்சிட்டுக் கேட்டா எந்த வாயால சொல்ல? இந்தா, பிடி. வடக்க இருந்து பஸ்ஸுக்கு இனிமே நீ சொமந்துட்டு வா. பஸ் போயிட்டுன்னா அந்த மீனயும் நீயே தின்னு.”

அவள் குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. அப்போதுதான் நான் மேடத்தின் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

சூசை அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “மறுப்பு கெடக்கட்டும் தம்பி. ஃபோகஸ் எங்க?”

மேடத்துக்கு வீடியோ கால் போட்டேன். அறிக்கை ஐந்து மணிக்கு மேலிடத்துக்குப் போகிறது என்றார். ஒருமனதாக முடிந்ததில் கம்பெனியில் எல்லோருக்கும் சந்தோஷமாம். பதிவை ஒருமுறை பாருங்கள் என்று கெஞ்சினேன். ஓட்டிப் பார்த்தார்.

“சார், இவங்க எல்லாரும் பாடுறாங்களா?”

“இல்ல மேடம். என்னை ஏசுறாங்க.”

நாலரைக்குள் மறுபடி நடத்தினால் அறிக்கையை மாற்றுவதாகச் சொன்னார். லேப்டாப்பை இழுத்தேன். எட்டுப் பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். (அன்று நடந்த ஒரே ஒருமனதான தீர்மானம் அது.) என் போனை அக்கா பிடுங்கிக்கொண்டாள். மீன் வாடை அடிக்கும் அந்தக் கையில் மேடத்தின் முகம் தெரிந்தது. “ஜெபா, நீ உள்ள இரி. ஏலே, நீ வெளிய நில்லு” என்று என்னைத் தள்ளிக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

என் கடைக்கு வெளியே நான். உள்ளே எட்டு வாய் அசைகிறது. ஒரு சொல் கேட்கவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது, காலையிலிருந்து போனுக்குச் சார்ஜ் போடவில்லை. பாதியில் அணைந்தால் நாலரையும் போச்சு, அக்காவின் பஸ்ஸும் போச்சு. கண்ணாடியைத் தட்டினேன். கத்தினேன். கையைத் தூக்கினேன்.

அக்கா திரும்பிப் பார்த்து, ஒரு கையால் எனக்கு வணக்கம் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள்.

உங்கள் அம்மாதான் என் உதட்டைப் பார்த்து விஷயத்தைப் பிடித்து வயரைச் சொருகினாள். கல்யாணமான நாளிலிருந்து பழக்கம்.

ஏலக்கூடம் இன்று குருசடிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அத்தை சாவகாசமாக நடந்து வந்து பஸ் ஏறுகிறாள். கூரையின் முன்னால் ஒரு பெரிய ஃபோகஸ் விளக்கு. மேடம் இவர்கள் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டதன் பலன் அது. ‘நான் கேட்டு வாங்கினது’ என்று சூசை அண்ணாச்சி இன்றும் சொல்லிக்கொள்கிறார். இறுதி அறிக்கையின் நகல் என் கடையில் இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் என்ற இடத்தில் மரியபுஷ்பம் என்று போட்டிருக்கிறது.

வீட்டில் என் நிலைமை உங்களுக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் எல்லோரும் தூங்காமல் படிக்கவேண்டும் என்று சொல்லி, மறுப்பு உண்டா என்று கேட்டேன். நீங்கள் இரண்டு பேரும் சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்தீர்கள். அடுப்படியில் மஞ்சள் போட்டு மீன் அலசிக்கொண்டிருந்த உங்கள் அம்மா, அந்த மஞ்சள் கையை அப்படியே தூக்கிக் காட்டினாள்.

நான் வணக்கம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.