அக்கா ரிசப்ஷனுக்கு நான் பதிந்த பாட்டுகள்

பயந்தவர்களில் இரண்டு வகை உண்டு. பயத்தில் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்துவிடுபவர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. பயத்தில் பத்து மடங்கு வேலை பார்த்துக் காரியத்தைக் கெடுப்பவர்கள் இன்னொரு வகை. நான் அந்த இரண்டாவது வகைக்குத் தலைவி. இன்றைக்கும் கல்யாண மண்டபத்தில் மைக் செட் லேசாகக் கரகரத்தாலே நான் எழுந்து வாசல் பக்கம் போய்விடுவேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பட்டுத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் சித்தப்பா. அக்கா சரோஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை தங்கமான மனிதர். அவருடைய அப்பாதான் வேறு ரகம். கடைத்தெருவில் பட்டுப்புடவை வியாபாரம், மூக்கு நுனியில் கோபம். மகனுக்கு முதலில் பார்த்திருந்த இடத்தில் யாரோ தாம்பூலத் தட்டை இடது கையால் நீட்டினார்கள் என்று, அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்தவர். அந்தச் சம்பந்தம் அதோடு போச்சு. இந்தக் கதை தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் இடது கையைப் பின்னால் மடக்கிக்கொண்டே நடமாடினோம். (சித்தப்பா இடது கைக்காரர். பாவம், அவர் மாப்பிள்ளை வீட்டார் வரும்போதெல்லாம் கொல்லைப்பக்கம் போய்விடுவார்.)

முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலையில் தாலி என்று ஏற்பாடு. அதாவது, ரிசப்ஷனில் ஏதாவது ஆனால் தாலி கிடையாது. சம்பந்தி ஒருநாள் நேரிலேயே வந்து சொன்னார்:

"பாட்டு எல்லா வயசுக்கும் இருக்கணும்ங்க. பெருசுங்களுக்கு சாமி பாட்டு, எங்க வயசுக்கு பழைய பாட்டு, பசங்களுக்கு இப்ப வர்ற பாட்டு. ஆனா ஒண்ணு, நடுவுல ஒரே ஒரு அழுவாச்சிப் பாட்டு ஓடிச்சி, நான் எழுந்து போய்க்கினே இருப்பேன்."

அப்பா என்னைப் பார்த்தார். வீட்டில் ரேடியோவே கதி என்று கிடந்தவள் நான்தான்.

"இதோ, சின்னவ பாத்துக்குவாளுங்க" என்றார்.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. அக்காவின் தாலி என் கையில் என்று அந்த நிமிடத்தில் தோன்றியது.

சாமி பாட்டும் புதுப் பாட்டும் கேசட் கடையில் கிடைத்துவிட்டன. பழைய பாட்டுதான் தகராறு. கடைக்காரரிடம் இருந்ததெல்லாம் காதலி செத்த பாட்டு, காதலன் சாகப்போகிற பாட்டு, இரண்டு பேரும் செத்தபிறகு அம்மா பாடுகிற பாட்டு. அந்தக் காலத்து மனிதர்கள் இத்தனை அழுதுவிட்டு எப்போதுதான் சாப்பிட்டார்களோ! வேறு வழியில்லாமல் எதிர்வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கினேன். மத்தியானம் ரேடியோவில் பழைய பாட்டு போடுவார்கள். ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தி, மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பேன்.

பதிந்த ஒவ்வொரு பாட்டையும் ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்து மூன்று தடவை கேட்டேன். எங்கேயாவது 'பிரிவு' வருகிறதா, 'கண்ணீர்' வருகிறதா என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சலித்தேன். ஒரு பாட்டில் ஆனந்தக் கண்ணீர் வந்தது. வேண்டாம் என்று அதையும் அழித்தேன். இன்னொன்றில் கதாநாயகன் ஊருக்குப் போகிறான்.

"போனா திரும்பி வருவான்டி" என்றாள் அக்கா.

"வரலன்னா?" என்றேன். அதுவும் போச்சு.

பத்து நாள் பாடுபட்டதில் பன்னிரண்டு பாட்டு தேறியது. பன்னிரண்டும் சுத்தமான சந்தோஷம். சம்பந்தி எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரு சொட்டு அழுகை கிடைக்காது. எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ரிசப்ஷன் அன்று முதலில் சாமி பாட்டு. பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். சம்பந்தி முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவுக்குத் துணையாக நான் மேடையில் நின்றிருந்தேன். மைக் செட்காரர் என் கேசட்டைப் போட்டார். அருமையான ஒரு கல்யாணப் பாட்டு தொடங்கியது. கூடவே இன்னொன்றும் தொடங்கியது.

டக்... டடக். டக்... டடக்.

ஸ்பீக்கர் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் உறைத்தது. தறி! எங்கள் வீட்டுத் தறி!

பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். எங்கள் காதுக்கு அது ஒரு சத்தமே இல்லை. தறி ஓடும்போது பதிந்து, தறி ஓடும்போதே மூன்று தடவை சரிபார்த்திருக்கிறேன், மண்டு! தறிக்காரன் வீட்டுப் பெண்ணைத் தவிர வேறு எவளுக்கும் இப்படி ஒரு கூறுகெட்ட வேலை செய்ய வராது.

சரி, தறிச் சத்தம்தானே, அழுகைப் பாட்டு இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். அடுத்த நொடி இன்னொன்று தோன்றியது. டேப்பில் தறிச் சத்தம் விழுந்திருக்கிறது என்றால், தறியில் உட்கார்ந்து அப்பா பேசியதும் விழுந்திருக்கும். தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்று எங்கள் வீட்டில் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வோம். சரிபார்க்கும்போது டேப்பில் அவர் குரல் வந்திருந்தாலும், தறியிலிருந்துதான் பேசுகிறார் என்று விட்டிருப்பேன். அந்தப் பத்து நாளும் அப்பா என்னவெல்லாம் பேசினார்? ஐயோ, ஒன்றும் ஞாபகம் வரவில்லையே. மேடையிலிருந்து இறங்கக் காலை எடுத்தேன்.

"பாப்பா, அசையாத! போட்டோ!" என்றார் போட்டோக்காரர்.

பாட்டில் இசை கொஞ்சம் அடங்கியது. மண்டபத்தின் நான்கு ஸ்பீக்கரிலும் அப்பா பேசினார்.

"பொண்ணு பாக்க வந்தாரா, பொடவை பாக்க வந்தாரா அந்த ஆளு? முந்தானைய திருப்பித் திருப்பி ஜரிகைய நோண்டிக்கினு இருந்தாரே தவுர, என் பொண்ணு மூஞ்சிய பாத்தாரா? கேசரிய மூணு வாட்டி வாங்கித் துன்னுட்டு, சக்கரை கம்மின்றாரு!"

தொடர்ந்து அம்மாவின் குரல்: "மெதுவா பேசுங்க, யார் காதுலயாவது வுழப்போவுது."

"தறி ஓடிக்கினு கீது, எவன் காதுல வுழும்?"

அக்கா என் கையை இறுகப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது. பந்தி வாசலில் அப்பா சாம்பார் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். செருப்பு எங்கே கிடக்கிறது என்று சம்பந்தி தேடப்போகிறார் என்று நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால் மண்டபமே கத்திக்கொண்டிருந்தது. வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தறிக்காரர்கள். தறிச் சத்தம் காதில் விழுந்ததும் பழக்க தோஷத்தில் அத்தனை பேரும் குரலை உயர்த்திவிட்டார்கள். சம்பந்தியும் தறி வீட்டில் பிறந்து வளர்ந்தவர்தான், பக்கத்து நாற்காலிக்காரரின் காதில் ஜரிகை விலையைப் பற்றி உயிர்போகக் கத்திக்கொண்டிருந்தார்.

நான் மேடையிலிருந்து குதித்து ஓடினேன்.

"நல்ல காரியத்துல பாட்ட நடுவுல நிறுத்தக் கூடாதும்மா" என்று மைக் செட்காரர் கையைக் குறுக்கே நீட்டினார். அதைத் தள்ளிவிட்டுக் கேசட்டை உருவினேன். திரும்பினால் எதிரே மாப்பிள்ளையின் அம்மா. அந்த அம்மாள் அதுவரை ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அது யாரு குரலு? உங்கப்பாவா?"

"இல்லீங்க அத்தை... ரேடியோ நாடகம்ங்க."

"எந்த நாடகத்துல கேசரி வருது?"

அவ்வளவுதான், நான் உடைந்துபோனேன். "அக்கா ஒண்ணும் பண்ணலீங்க அத்தை. எல்லாம் என் புத்திகெட்ட வேலை. கல்யாணத்த மட்டும் நிறுத்திடாதீங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பத்து நாளாகக் கேசட்டுக்குள் வரவிடாமல் தடுத்த அழுகை மொத்தமும் அங்கே வந்தது.

அவர் முதல் வரிசையில் இருந்த தன் கணவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்து சொன்னார்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் அந்த மனுசன் பொடவையத்தான் பாத்தாரு. இருவத்தேழு வருசமாவுது. இன்னும் என் மூஞ்சிய நேரா பாக்கல. இத வாய்விட்டு சொல்ல ஒரு ஆளாவது கெடச்சாரே! கண்ணத் தொடச்சிக்கினு போ, போட்டோ நல்லா வராது. அந்தக் கேசட்ட இப்படிக் குடு."

கேசட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். புதுப் பாட்டு தொடங்கியது, பையன்கள் ஆடினார்கள். சம்பந்தி கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார்.

"பழைய பாட்டு நல்லா இருந்துச்சிம்மா. வூட்ல ஒக்காந்து கேட்டாப்பலயே இருந்துச்சி" என்றார்.

மறுநாள் தாலி ஏறியது. அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கும் யாரும் என்னைப் பாட்டு தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை. சொன்னாலும் ஓடிப்போயிருப்பேன்.

அக்காவுக்கு மூத்தவன் பிறந்து பேர் வைத்த அன்று, எல்லோரும் சாப்பிட்டு முடித்துச் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அக்காவின் மாமியார் பீரோவிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்துவந்து போட்டார். அப்பா வெற்றிலையை மென்றபடியே எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார். தறிச் சத்தம், பொடவை, கேசரி, எல்லாவற்றையும் சம்பந்தி கடைசிவரை கேட்டார். அவர் மெதுவாகத் திரும்பி, மனைவியின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூக்குத்தி எப்ப மாத்தின?" என்றார்.

"பதினோரு வருசமாவுது" என்றார் அந்த அம்மாள்.

இப்போதும் எங்கள் வீட்டு ஆண்பிள்ளை எவராவது பெண்டாட்டி பேசுவதைக் காதில் வாங்காமல் உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் யாராவது ஒருத்தி "மூக்குத்தி எப்ப மாத்தின?" என்பாள். உடனே என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு அவசரமாக என் மூக்கைப் பார்ப்பார். நல்லாத்தான் இருக்குது என்றும் சொல்வார். நான் மூக்கே குத்திக்கொள்ளவில்லை.